பின்பக்கத்தைக் காட்டச் சொல்

போன வைகாசியில் ஒரு நாள் இரவு, சாப்பிட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தபோது, கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து மகள் ஒரு படம் அனுப்பினாள். பழைய காலத்து நாற்காலி. கருத்த மரச்சட்டம், கடைசல் கால்கள். இருக்கையும் முதுகும் மட்டும் வேறு எதனாலோ ஆனவை. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கோடு கோடாக நெருங்கி நின்று, நடுவில் எட்டு முனை நட்சத்திரமாக விரிந்திருந்தது. “அம்மா, உன் தொழில்காரர்கள் இங்கேயும் இருந்திருக்கிறார்கள்” என்று கீழே எழுதியிருந்தாள்.

பிரம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் பிரம்பு இல்லை. பாய்க்கோரையும் இல்லை. ஒவ்வொரு கோடும் தனித்தனித் துண்டு. இரு நுனிகளும் எங்கேயோ உள்ளே போய் மறைந்திருந்தன. நாற்பது ஆண்டுகளாக நாற்காலி பின்னுகிறவள் நான். ஒரு பின்னலைப் பார்த்ததும் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண் தானாகத் தேடிப் போகும். இதில் தொடக்கமும் கிடைக்கவில்லை, முடிவும் கிடைக்கவில்லை.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்கு வயது 81. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “முன்பக்கம் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். பின்பக்கத்தைக் காட்டச் சொல்.”

எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்திலிருந்து நடக்கிற தூரம். அப்பா மூன்று சக்கர வண்டியில் நாற்காலிகளை வாங்கி வருவார். மேற்கு மாதா கோவில் தெருவில் 1910-இல் கட்டிய பார்சிக்காரர்களின் அக்னிக் கோவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு காலத்தில் பார்சிக் குடும்பங்கள் இருந்தன. பெரம்பூர்ப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அவர்கள் வீட்டுச் சாய்வு நாற்காலிகள்தாம் எங்களுக்குச் சோறு போட்டன. வண்டியில் அப்பாவின் பெயர். ரசீதில் அப்பாவின் பெயர். கூலி பேசுவது அப்பா. பின்னியது அம்மா. பத்து வயதிலிருந்து நானும். வாடிக்கையாளர்கள் “உங்கள் கை மாதிரி வராது” என்று அப்பாவிடம் சொல்வார்கள். அம்மா உள்ளே வாளித் தண்ணீரில் பிரம்பை ஊறவைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் படத்தில் இருந்தது முள்ளம்பன்றி முள் என்று மகள் மறுநாள் சொன்னாள்.

கனடாவின் கிழக்குக் கரையில், இன்று நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று அழைக்கப்படும் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய நிலத்திலும் வாழும் ஆதிகுடிகள் மிக்மாக் மக்கள். தங்கள் நிலத்தை அவர்கள் மிக்மாகி என்று சொல்கிறார்கள். முள்ளம்பன்றிக்கு அவர்கள் மொழியில் மதுவெஸ் என்று பெயர். பிர்ச் மரத்தின் பட்டையில் துளையிட்டு, சாயம் ஏற்றிய முள்ளை அதில் செருகிச் செருகி அவர்கள் செய்த பெட்டிகளும் நாற்காலி இருக்கைகளும் உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

முள்ளம்பன்றி முள் என்றால் எனக்குச் சீமந்தம்தான் நினைவுக்கு வரும். எதிர்வீட்டு அக்காவின் சீமந்தத்தில் அவள் கணவர் முள்ளால் வகிடு எடுத்ததைச் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை போட்ட, பென்சில் போன்ற நீள முள். அதை எப்படி மடித்துத் தைப்பார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அது வேறு விலங்கு என்று பிறகுதான் தெரிந்தது. நம் ஊர் முள்ளம்பன்றியின் முள் விறைப்பானது. சென்னை மாகாணத்தின் பகுதியாக விசாகப்பட்டினம் இருந்த காலத்தில், அந்த முட்களைக் கம்பிபோல வரிசையாக நிறுத்தி, தந்தமும் கருங்காலியும் சேர்த்து வெள்ளைக்காரர்களுக்குப் பெட்டிகள் செய்தார்கள். கம்பிபோல நிறுத்தலாம், மடிக்க முடியாது. இன்று அந்த விலங்கு இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அதன் முள்ளைத் தேடிப் போகக் கூடாது.

வட அமெரிக்க முள்ளம்பன்றி மரம் ஏறும். ஓர் உடம்பில் ஏறத்தாழ 30,000 முட்கள். சிறியவை, மெல்லியவை, பெரும்பகுதி வெள்ளை, நுனி மட்டும் கறுப்பு. அந்த நுனியில் பின்னோக்கிய நுண்ணிய செதில்கள் இருப்பதால் குத்தினால் எளிதில் வெளியே வராது. முள்ளம்பன்றி முள்ளை அம்புபோல எய்யும் என்று அங்கேயும் சொல்வார்களாம், அதுவும் பொய்தான். நம் பழந்தமிழில் முள்ளம்பன்றிக்கு ‘எய்’ என்றே ஒரு பெயர் உண்டு. இரண்டு கண்டங்களில் இரண்டு விலங்குகளைப் பார்த்து மனிதர்கள் ஒரே தவறைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இனி வேலைக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

பிரம்பு நாற்காலியில் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருக்கும். ஊறவைத்த பிரம்புத் தோலை ஒரு துளையில் விட்டு, எதிர்த்துளையில் எடுத்து, மறுபடி பக்கத்துத் துளையில் விட்டு, நெடுக்கில் இரண்டு முறை, குறுக்கில் இரண்டு முறை, மூலைவாட்டில் இரு பக்கமும் ஓட்ட வேண்டும். அவிழாமலிருக்கத் துளையில் சின்ன ஆப்பு அடித்துக்கொள்வோம். ஈரத்தில் பின்னுவதால் காயும்போது பிரம்பு சுருங்கி முரசுத்தோல்போல விறைக்கும். தட்டினால் ஒலி எழும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் அம்மா ஒரு நாற்காலியை வெளியே அனுப்புவாள். நீளமான ஓர் இழை பல துளைகளில் ஓடுவதுதான் எங்கள் வேலையின் பலம். ஓரிடத்தில் தளர்ந்தாலும் பக்கத்து இழை தாங்கும்.

முள் வேலையில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு முள்ளும் விரல் நீளம்கூட வராது. குத்தூசியால் பட்டையில் இரண்டு துளைகள். ஈரத்தில் மென்மையாக்கிய முள்ளின் ஒரு நுனி ஒரு துளையில், மறு நுனி அடுத்த துளையில். பின்பக்கம் மடித்து, மிச்சத்தை நறுக்கிவிட வேண்டும். அடுத்தது அதை ஒட்டி, இடைவெளி தெரியாமல். நூல் இல்லை, பசை இல்லை, முடிச்சு இல்லை. துளையிட்ட பட்டையே இறுகி முள்ளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு முள்ளுக்கு அடுத்த முள் துணை இல்லை, ஒவ்வொன்றும் தன் இரண்டு துளைகளை நம்பி நிற்கிறது. ஒரு நாற்காலி இருக்கையில் எத்தனை நூறு முட்கள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, ஒரு நட்சத்திரத்தின் ஒரு முனையோடு நிறுத்திவிட்டேன். பட்டையில் இட்ட துளையை அழிக்க முடியாது. எங்கள் வேலையில் தவறினால் அவிழ்த்துக்கொள்ளலாம். அவர்கள் குத்துவதற்கு முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிர்ச் மரம் நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று. காஷ்மீரத்தில் ஏடு எழுதப் பயன்பட்ட பூர்ஜ பத்திரம் அதன் இமயமலை உறவு. மிக்மாகியில் கோடையின் தொடக்கத்தில், மரத்தில் சாறு ஓடும்போது வெளிப்பட்டை எளிதாக உரிந்து வரும். உள்மரத்தைக் காயப்படுத்தாமல் உரித்தால் மரம் பிழைக்கும். உரித்த பட்டையில் வெள்ளையான வெளிப்புறத்தை உள்ளே வைத்து, மரத்தை ஒட்டியிருந்த பழுப்பு நிறப் பக்கத்தை வெளியே காட்டித்தான் முள் வேலை செய்வார்கள். பெட்டியின் விளிம்பை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பிளந்த வேரால் சுற்றிக் கட்டுவார்கள். இதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிரம்பில் பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும், ஓரிடத்தில் புரண்டாலும் பார்த்தவுடன் தெரியும். எந்தப் பக்கம் மேலே என்பதுதான் எந்தக் கைவேலையிலும் முதல் பாடம் என்பாள். அவர்களுடைய முதல் பாடம் நம்முடையதற்கு நேர் எதிரானது என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது.

நானும் செய்து பார்த்தேன். பிர்ச் இங்கே இல்லை, முள்ளும் இல்லை. திருவொற்றியூரில் வாங்கிய பனையோலைப் பெட்டியின் மூடியை எடுத்துக்கொண்டேன். தென்னை ஈர்க்கைச் சீவி ஊறவைத்தேன். மடித்ததும் ஒடிந்தது. பிரம்புத் தோலை மெல்லியதாகக் கிழித்துச் செருகினேன். ஒடியவில்லை, ஆனால் மூன்றாவது துளையில் ஓலை நரம்போடு நீளமாகக் கிழிந்துவிட்டது. ஓலைக்கு ஒரு வாட்டம் உண்டு, துளை அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். பிர்ச் பட்டை பல மெல்லிய அடுக்குகளாலானது. இத்தனை துளைகளை அது தாங்குகிறது என்று கண்டுபிடித்தவர்கள் எத்தனை பட்டைகளைக் கையில் உருட்டிப் பார்த்திருப்பார்கள்! அந்த மரமும் அந்த விலங்கும் ஒரே காட்டில் இருந்ததால் மட்டும் இந்த வேலை பிறந்துவிடவில்லை. இரண்டையும் ஒருவர் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு பல நாள் யோசித்திருக்கிறார்.

சாயத்தில் எனக்கு இன்னொரு சொந்தம் கிடைத்தது. பழைய நாளில் முள்ளுக்குச் சிவப்பு ஏற்ற அவர்கள் பயன்படுத்தியது கேலியம் என்னும் சிறு செடியின் வேர். அது காப்பிச் செடியின் குடும்பம். நம் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேர், இம்பூறல் என்பார்களே, அதுவும் அதே குடும்பம்தான். கடற்கரை மணலில் நீளமாக இறங்கும் அந்த வேரைத் தோண்டி எடுத்துத்தான் சென்னைத் துணிகள் கப்பலேறின. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் எங்கள் பக்கத்துப் பேட்டைக்கு வண்ணாரப்பேட்டை என்று பெயர். கவர்னர் காலெட் 300 ஆண்டுகளுக்கு முன் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட் பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. கவர்னரின் பெயர் சிதைந்தாவது நிற்கிறது. நெய்தவர்களில், வெளுத்தவர்களில், வேர் தோண்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நம்மிடம் இல்லை.

1856-இல், எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய அதே ஆண்டில், லண்டனில் பெர்கின் என்ற இளைஞர் தற்செயலாக ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வகைச் சாயங்கள் மிக்மாக் பெண்களின் கைக்கும் வந்துவிட்டன. படத்து நாற்காலியின் ஊதா அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இயற்கைச் சாயம் போய்விட்டதே என்று சிலர் வருந்துவார்கள். நான் வருந்தவில்லை. புதிய நிறம் கிடைத்தால் கைவேலைக்காரி அதைத் தொட்டுப் பார்க்காமல் இருப்பாளா?

அவர்கள் ஏன் நாற்காலி இருக்கைகள் செய்தார்கள்? மிக்மாக் மக்கள் நாற்காலியில் உட்கார்ந்து வாழ்ந்தவர்கள் அல்லர். 1749-இல் ஆங்கிலேயர் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவினார்கள். வேட்டை நிலமும் ஆற்றங்கரையும் கைவிட்டுப் போகப் போக, விற்கத்தக்க பொருள் ஒன்று வேண்டியிருந்தது. வந்தவர்களின் வீட்டில் என்ன இருக்கும் என்று அந்தப் பெண்கள் கவனித்தார்கள். தையல் பெட்டி, சுருட்டுப் பெட்டி, கணப்படுப்பின் முன்னால் வைக்கும் தட்டி, நாற்காலி. அவற்றின் அளவுக்குப் பட்டையை வெட்டி முள் பதித்தார்கள். ஊர்த் தச்சர்கள் அந்தப் பலகைகளைத் தங்கள் மரச்சட்டத்தில் பொருத்தினார்கள். பலவற்றில் செய்தவளின் பெயர் இல்லை. ‘மிக்மாக் வேலை’ என்ற ஒற்றைச் சொல்லில் ஓர் இனமே ஒரு கையாகிவிடுகிறது.

இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் சின்னதல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையில் ஓர் உணவகத்திற்கு நாற்பது நாற்காலிகள் பின்னிக் கொடுத்தோம். நானும் அம்மாவும் பக்கத்துத் தெருப் பெண்கள் இருவரும், ஒன்றரை மாதம். திறப்பு விழா அன்று சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். கட்டடக்கலைஞர் பெயர், உள்ளலங்காரம் செய்தவர் பெயர், விளக்கு கொடுத்த கடையின் பெயர். நாற்காலிகளுக்கு எதிரே ‘பாரம்பரியக் கைவேலை’ என்று மட்டும் எழுதியிருந்தது. பாரம்பரியம் வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிரம்பு ஊறவைக்கவில்லை. அம்மாவின் ஆள்காட்டி விரல் வெடித்து, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு பின்னினாள்.

பெயர் தெரிந்தவர்களில் ஒருவரைப் பற்றி மகள் தேடிப் படித்துச் சொன்னாள். மேரி கிறிஸ்டியான் மாரிஸ், ஹாலிஃபாக்ஸ் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிக்மாக் பெண். 1868-இல் அவர் முள் வேலை செய்த ஒரு தொட்டில், ஹாலிஃபாக்ஸிலிருந்து 100 கிலோமீட்டர் அளவில் உள்ள பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரின் டெஸ்பிரிசே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொட்டில்! சுற்றிலும் முள்ளால் இழைத்த தொட்டில். குத்துகிற நுனிகளெல்லாம் நறுக்கப்பட்டு, வழவழப்பான உடல் மட்டும் வெளியே தெரியும்படி அமைந்த வேலை அது. அம்மாவிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “மேரி” என்பது மட்டும் நன்றாக வந்தது. ராயபுரத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமா?

20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கை பலமாக அடிபட்டது. 1930 முதல் 1967 வரை நோவா ஸ்கோஷியாவின் ஷுபெனகாடியில் ஓர் உறைவிடப் பள்ளி நடந்தது. மிக்மாக் பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். எட்டு வயதில் ஒரு பெண் தன் பாட்டியின் பக்கத்தில் உட்காரவில்லை என்றால் இந்த வேலை அவளுக்கு எங்கிருந்து வரும்? நான் பத்து வயதில் அம்மாவுக்கு ஆப்பு எடுத்துக் கொடுத்தேன். என்னை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த ஒரு வேறுபாட்டை நினைத்து அன்று இரவு நெடுநேரம் விழித்திருந்தேன்.

அப்படியும் வேலை அழியவில்லை. சில குடும்பங்களில் நின்றது. இன்று இளைய பெண்கள் பழைய பெட்டிகளை அருங்காட்சியகத்தில் உற்றுப் பார்த்தும், தெரிந்த மூத்தவர்களிடம் கேட்டும் மறுபடி செய்கிறார்கள். சாலையில் வண்டி மோதி இறந்துகிடக்கும் முள்ளம்பன்றியிடமிருந்து முள் எடுத்துக்கொள்வதும் உண்டு.

ஐப்பசியில் மகள் அப்படி ஒரு மிக்மாக் அம்மையார் சொல்லிக்கொடுத்த ஒரு நாள் வகுப்புக்குப் போனாள். எனக்கு முதலில் தயக்கம். அவர்களுடைய வேலையை நாம் கற்கலாமா என்று கேட்டேன். “அவர்களே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அம்மா. விற்கக் கூடாது, யாரிடம் கற்றேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்” என்றாள். நியாயமான பேச்சு. இதற்கு நடுவில், அந்த எட்டு முனை நட்சத்திரத்தைப் பிரம்பில் போட்டுத் தர முடியுமா என்று என்னிடம் ஒரு வாடிக்கையாளர் கேட்டார், என் கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு. முடியாது என்று சொல்லிவிட்டேன். பின்னத் தெரியாமல் இல்லை. அது என்னிடம் இருக்கிற வடிவம் இல்லை.

அன்று எங்களுக்கு இரவு ஒன்பது மணி, அவளுக்கு நண்பகல் தாண்டி அரை மணி. வீடியோவில் வந்தாள். உள்ளங்கை அளவு வட்டப் பட்டையில் ஒரு பூ, ஆறு இதழ்களில் நான்கு முடிந்திருந்தது. முட்களைச் சோப்பு நீரில் கழுவி, அளவு வாரியாகப் பிரித்து வைக்கவே காலைப் பொழுது போய்விட்டதாம். விரலில் இரண்டு இடத்தில் குத்தியிருந்தது. “ஆயா, பாரு” என்று பூவைக் காட்டினாள்.

“திருப்பு கண்ணு” என்றாள் அம்மா.

அவள் திருப்பினாள். ஆறு மாதமாக நாங்கள் பார்க்கக் காத்திருந்த பக்கம். வெள்ளைப் பட்டையில் முள் நுனிகள் குட்டை குட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, அறுத்த வயலின் தாள்போல நின்றன. சொல்லிக்கொடுத்த அம்மையார் முதல் இதழைத் தம் கையால் போட்டுக் காட்டியிருந்தார். அதில் நுனிகள் ஒரே திசையில் படிந்திருந்தன. மகளின் இதழ்களில் ஆளுக்கொரு திசை. அம்மா கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கிக் கிட்டே பிடித்துக்கொண்டாள். நான் ஏதோ பேச வாய் திறந்தேன், கையை அமர்த்தினாள். தெருவில் கடைசி மீன்கூடை வண்டி காசிமேட்டுப் பக்கமாகத் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

“மூன்றாவது இதழில் இரண்டு முள் நிற்காது” என்றாள் கடைசியில். “ஈரம் காய்ந்த பிறகு இழுத்திருக்கிறாய். எடுத்துவிட்டு, நன்றாக ஊறின முள்ளாகப் பார்த்துப் போடு. துளையைப் பெரிதாக்காதே. அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு செய்.”